ஸ்டேஜ் பந்தயங்களில் அணி உத்திகளும் கைநழுவும் வாய்ப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூர் டி பிரான்ஸ், ஜிரோ டி இத்தாலியா, வுவெல்டா ஆகிய மூன்று பெரிய சைக்கிள் பந்தயங்களும் 21 ஸ்டேஜ்கள், அதாவது நாளுக்கு ஒன்றாக ஓட்டும் 21 கட்டங்கள், கொண்டவை. மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபின் முதல் இருவருக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லாமல் போவதுண்டு. அந்த நிமிடம் எங்கே போனது என்று தேடினால் பெரும்பாலும் காலில் பலம் போதாத இடத்துக்குப் போய்ச் சேர மாட்டோம். யார் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு மற்றவர்களை இழுப்பது, யாருக்காகக் காத்திருப்பது என்று முடிவெடுக்காமல் விட்ட இரண்டு மூன்று நிமிடங்களுக்குத்தான் போய்ச் சேருவோம். இந்தப் பக்கத்தின் கேள்விகள் அதைப் பற்றியவை.

சைக்கிள் ஓட்டுவது தனி ஆள்தானே? அணி எதற்கு?

சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருடைய சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்கு அந்தச் செலவு வெகுவாகக் குறையும். 2018-இல் பெர்ட் ப்ளோக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பெலோட்டானை, அதாவது ஒன்றாகப் போகும் பெருங்கூட்டத்தை, கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவர் மீதான காற்றுத் தடை, தனியாக ஓட்டுபவர் மீதானதில் 5 முதல் 10 சதவீதம் வரைதான் என்று கண்டார்கள்.

ஆக, பந்தயத்தில் காசு போலப் புழங்குவது காற்று மறைப்புதான். அணி வெல்ல வைக்க விரும்பும் வீரர்தான் தலைவர். அவர் ஐந்து மணி நேரம் மறைவில் இருந்துவிட்டுக் கடைசி இருபது நிமிடம் மட்டும் முழுப் பலத்தையும் இறக்க வேண்டும். மற்ற ஏழு பேரும் அதற்காகத்தான் தங்கள் பலத்தைச் செலவழிக்கிறார்கள்.

எட்டுப் பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2018 முதல் மூன்று பெரிய பந்தயங்களிலும் அணிக்கு 8 பேர். அதற்கு முன் 9 பேர். மொத்த வெற்றியைக் குறிவைக்கும் அணி ஒரு தலைவர், மலையில் இழுக்க மூன்று பேர், நடுத்தர ஏற்றங்களிலும் பள்ளத்தாக்குகளிலும் இழுக்க இரண்டு பேர், சமதளத்திலும் காற்றிலும் காவல் காக்க இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்ளும். கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து வெல்லும் ஸ்பிரிண்டரையும் அழைத்துப் போனால் அவருக்கு வழிவிட்டு இழுக்கும் ஆட்களும் வேண்டும். மலையில் அத்தனை பேர் குறைவார்கள்.

பலர் கணக்கில் எடுக்காதது சமதளக் காவலர்களை. 80 கிலோ எடையுள்ள, அகன்ற தோள் கொண்ட ஒருவர் முதல் வாரத்தில் தலைவரைக் கூட்டத்தின் முன்வரிசையில் வைத்திருக்கிறார். அவர் பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் மேலே வராது. அவர் இல்லாத நாளில்தான் அவர் செய்தது என்ன என்பது தெரியும்.

பிரேக்அவேயை (கூட்டத்தை விட்டு முன்னால் தப்பிப் போகும் சிலரை) ஏன் போகவிடுகிறார்கள்? உடனே பிடித்துவிட்டால் என்ன?

பிடித்தால் அடுத்த நிமிடமே வேறு நான்கு பேர் பாய்வார்கள். அவர்களையும் துரத்த வேண்டும். ஆபத்தில்லாத ஒரு கூட்டம் முன்னால் போய்விட்டால் பந்தயம் அமைதியாகிவிடும். ஆபத்தா இல்லையா என்பது வெறும் கழித்தல் கணக்கு. முன்னால் போனவர்களில் மொத்த நேரத்தில் மிக முன்னணியில் இருப்பவர் நம் தலைவரைவிட 12 நிமிடம் பின்தங்கியிருந்தால், 8 நிமிட இடைவெளி கொடுக்கலாம்.

திரும்பப் பிடிக்கும் கணக்குக்குப் பழைய விதி ஒன்று உண்டு. பிரெஞ்சு வர்ணனையாளர் ரோபர் ஷப்பாத்தின் பெயரால் சொல்லப்படுவது அது: ஒழுங்காகத் துரத்தும் பெலோட்டான் 10 கிலோமீட்டருக்கு 1 நிமிட இடைவெளியை மூடும். போட்டுப் பாருங்கள். முன்னால் உள்ளவர்கள் மணிக்கு 44 கிலோமீட்டர், பின்னால் 48 கிலோமீட்டர். 10 கிலோமீட்டரைக் கடக்க முன்னவர்களுக்கு 13 நிமிடம் 38 நொடி, பின்னவர்களுக்கு 12 நிமிடம் 30 நொடி. வித்தியாசம் 68 நொடி. 4 நிமிட இடைவெளியை மூட 40 கிலோமீட்டர் போதும் என்பது இப்படித்தான் வருகிறது.

அளவு மீறி விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006 டூர் சாட்சி. மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியைக் காக்கும் சுமையைச் சில நாள் வேறு அணி தூக்கட்டும் என்று ஃபோனாக் அணி, மோன்தெலிமார் போகும் 13-ஆவது ஸ்டேஜில் ஒஸ்கர் பெரெய்ரோ இருந்த பிரேக்அவேயைப் போகவிட்டது. 28 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்த அவர் அன்று கிட்டத்தட்ட 30 நிமிடத்தைப் பிடித்து மஞ்சள் ஜெர்சியை அணிந்தார். பந்தயம் முடிந்த பாரிஸில் அவர் இரண்டாமிடம். முதலில் வந்த ஃபோனாக்கின் ஃபிலாய்ட் லாண்டிஸ் ஊக்கமருந்துக்காகத் தகுதி இழந்தபோது பட்டம் பெரெய்ரோவுக்குப் போனது.

ஸ்பிரிண்ட் நாளில் நான்கைந்து பேரைப் பிடிக்க முடியாமல் போவது எப்படி?

துரத்தும் வேலையை யார் செய்வது என்ற இழுபறிதான் முதல் காரணம். ஒரே ஸ்பிரிண்டர் நான்கு ஸ்டேஜ் வென்றிருந்தால், மற்ற அணிகள் “அவர் அணியே இழுக்கட்டும்” என்று ஒதுங்கும். அந்த அணி இரண்டு பேரை முன்னால் வைக்கும். மூன்றாவது வாரத்தில் அந்த இருவரும் களைத்துப் போயிருப்பார்கள். மீதி மூன்று பேரைக் கடைசி 3 கிலோமீட்டர் லீட்-அவுட்டுக்காக, அதாவது ஸ்பிரிண்டரை முன்னால் கொண்டுபோய் விடுவதற்காக, சேமித்து வைத்திருப்பார்கள். 15 கிலோமீட்டர் மிச்சம் இருக்கையில் அந்த மூவரில் ஒருவரை எரிக்க மனம் வராது. அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

2023 டூரின் 18-ஆவது ஸ்டேஜ், பூர்-ஆன்-பிரெஸ். முன்னால் நான்கு பேர். அவர்களில் விக்டர் காம்பெனார்ட்ஸ் தன் சக வீரர் பாஸ்கல் ஈன்கோர்னுக்காகத் தன்னை முழுவதும் கரைத்துக்கொண்டு இழுத்தார். மற்ற மூவரும் பெலோட்டானுக்குச் சில மீட்டர் முன்னால் கோட்டைத் தொட, காஸ்பர் ஆஸ்கிரீன் வென்றார். முன்னால் உள்ள நான்கு பேரும் முறை தவறாமல் இழுத்தால், பின்னால் உள்ள 150 பேரின் பலம் காகிதத்தில் மட்டும்தான்.

பக்கக் காற்றில் பெலோட்டான் துண்டு துண்டாகிறதே, அது எப்படி நடக்கிறது?

எங்கள் பார்வையில் மிக அழகான உத்தி இது. மலையே இல்லாத நாளில் பந்தயத்தை மாற்றக்கூடிய ஒரே உத்தியும் இதுதான்.

எதிர்க்காற்றில் மறைவிடம் நேர் பின்னால் இருக்கும். காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தால் மறைவிடம் வலப்பக்கப் பின்னால் நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் முன்னவருக்கு வலப்பின்னால் நிற்க, சாய்ந்த வரிசை ஒன்று உருவாகும். சாலையின் அகலம் முடியும் இடத்தில் வரிசையும் முடியும். 6 மீட்டர் சாலையில் 10 முதல் 12 பேருக்குத்தான் இடம். அடுத்தவர் சாலையின் வலது ஓரத்தில் நேர் பின்னால் நிற்க வேண்டியதுதான். அங்கே மறைவே கிடையாது. வேகம் 55-ஐத் தொட்டால் அவர் சில நிமிடங்கள்கூடத் தாங்க மாட்டார். அவர் சக்கரம் அரை மீட்டர் விலகியதும் அவருக்குப் பின்னால் உள்ள அனைவரும் அறுந்துபோவார்கள்.

அணிகள் இதை முன்கூட்டியே திட்டமிடுகின்றன. வரைபடத்தில் சாலை எங்கெல்லாம் திரும்புகிறது, அந்த நேரத்தில் காற்று எந்தத் திசை, மரமோ வீடுகளோ இல்லாத திறந்தவெளி எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பார்கள். திருப்பத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பே ஆறு பேராவது முன்வரிசைக்கு வந்துவிட வேண்டும். திருப்பத்தைக் கடந்ததும் முழு வேகம். முன்னால் இழுப்பவர் காற்று வரும் பக்கத்து ஓரத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கமாக நகர்ந்துகொள்வார். தன் ஆட்களுக்கு வேண்டிய அகலத்தை மட்டும் விட்டு மற்றவர்களுக்கு இடமில்லாமல் செய்வார்.

தவறவிடுபவர்கள் செய்வது என்ன? ஊருக்குள் வரும் குறுகிய பாலத்தில் முப்பது இடம் பின்னால் போய்விடுகிறார்கள். அல்லது தலைவரோடு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அதைவிடப் பெரிய தவறு அறுந்தபின் நடப்பது. சாலை ஓரத்தில் தொங்கிக்கொண்டு முன்வரிசையைத் தனியாக எட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். உடனே இரண்டாவது சாய்வரிசையை அமைத்து முறை போட்டு இழுத்தால் இழப்பு 30 நொடியோடு நிற்கும் வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அது ஒன்றரை நிமிடமாகும்.

பக்கக் காற்று மொத்த முடிவை மாற்றிய பந்தயம் உண்டா?

2015 டூர். இரண்டாவது ஸ்டேஜ், உட்ரெக்டிலிருந்து நெதர்லாந்தின் கடலோரம் வரை. காற்றும் மழையும் கூட்டத்தைப் பிளந்தன. கிறிஸ் ஃபுரூம் முன்பகுதியில், நைரோ கின்டானா பின்பகுதியில். இழப்பு 1 நிமிடம் 28 நொடி. பிறகு ஆல்ப்ஸில் கடைசி இரண்டு மலை நாள்களில் கின்டானா 3 நிமிடம் 10 நொடி இடைவெளியை முதலில் 2:38 ஆகவும், ஆல்ப் டுவெஸ் நாளில் 1:12 ஆகவும் குறைத்தார். பாரிஸில் அவர் தோற்றது அந்த 1 நிமிடம் 12 நொடியில். மலையில் ஃபுரூமை விரட்டிய நாள்களைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தில் போன நேரம் அந்த இறுதி வித்தியாசத்தைவிட அதிகம்.

2013 டூரின் 13-ஆவது ஸ்டேஜில், மொத்தத்தில் இரண்டாமிடத்தில் இருந்த அலெஹான்ட்ரோ வால்வெர்டேயின் சக்கரம் சேதமானது. அப்போது முன்னால் கூட்டம் பிளந்து ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மோவிஸ்டார் அணி ஆட்கள் அவருக்காக நின்று இழுத்தும் கிட்டத்தட்ட 10 நிமிடம் போனது. அதே நாளில் இறுதிக்கு 30 கிலோமீட்டர் அளவில் சாக்ஸோ அணி மறுபடி முடுக்க, முன்னால் போனவர்கள் 14 பேர் மட்டுமே. அந்த அணியின் தலைவர் அல்பெர்ட்டோ கோன்டடோர் அதில் இருந்தார். ஃபுரூம் 1 நிமிடம் 9 நொடி இழந்தார்.

மலையில் ஒரே அணி வரிசையாக இழுக்கிறதே, அது உண்மையில் பயன் தருகிறதா?

தருகிறது, ஓர் எல்லை வரை. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது காற்று மறைப்பின் லாபம் சிறிது. இழுப்பதன் நோக்கம் மறைப்பு கொடுப்பதைக் காட்டிலும் வேகத்தைத் தாக்குதல் எல்லைக்கு அருகே வைத்திருப்பதுதான். எல்லோரும் தாங்கக்கூடிய உச்சத்துக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போது பாய்பவர் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டித் திரும்பி வருவார். அதனால் அவரைத் துரத்தக் கூடாது. இழுப்பவர் தன் வேகத்தைக் கூட்டாமல் அப்படியே பிடித்திருப்பது முக்கியம். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பதில் சொல்லும் அணி மூன்று ஆட்களைப் பத்து நிமிடத்தில் இழக்கும்.

குறை என்னவென்றால், வரிசையாக இழுப்பது எதிரியையும் சுமந்துகொண்டு போகிறது. 2020 டூரில் யூம்போ-விஸ்மா மூன்று வாரமும் அற்புதமாக இழுத்தது. கொல் டெ லா லோஸ் உச்சியில் பிரிமோஸ் ரோக்லிச் ததேய் போகாச்சரிடமிருந்து எடுத்தது, கோட்டில் முதலில் வருபவர்களுக்குத் தரும் போனஸ் நொடிகளோடு சேர்த்து, 17 நொடி. கடைசி டைம் டிரையலுக்கு (ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு ஓட்டும் ஸ்டேஜுக்கு) முன் முன்னிலை 57 நொடி. லா ப்ளான்ஷ் டெ பெல் ஃபீய் வரையிலான 36.2 கிலோமீட்டரில் ரோக்லிச் 1 நிமிடம் 56 நொடி இழந்தார். பட்டம் 59 நொடியில் போகாச்சருக்கு. அன்றைய டைம் டிரையலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு உறுத்துவது வேறு: லவோர் போகும் 7-ஆவது ஸ்டேஜில் பக்கக் காற்றில் போகாச்சர் 1 நிமிடம் 21 நொடி இழந்திருந்தார். அவருடைய அணி மலையில் பலமாக இல்லை. தொலைவிலிருந்து தாக்கி அவரைத் தனிமைப்படுத்த யூம்போ ஒருமுறையாவது முயன்றிருக்கலாம். கடைசி 2 கிலோமீட்டரில் சில நொடி எடுப்பதே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அதே அணி 2022-இல் என்ன மாற்றியது?

இரண்டு தலைவர்களை ஆயுதமாக்கியது. அந்த டூரின் 11-ஆவது ஸ்டேஜில் டெலகிராஃப், கலிபியே ஏற்றங்களில் ரோக்லிச் ஒருமுறை, ஜோனாஸ் விங்ககோ ஒருமுறை என மாறி மாறிப் பாய்ந்தார்கள். மஞ்சள் ஜெர்சியில் இருந்த போகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். அவர் அணி கோவிட் காரணமாக இருவரை ஏற்கெனவே இழந்திருந்தது. ரோக்லிச் மொத்தத்தில் பின்தங்கியிருந்தார். அவரைப் போகவிட்டு விங்ககோவை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் போகாச்சர் பல பாய்ச்சல்களைத் தவிர்த்திருக்கலாம். 11.3 கிலோமீட்டர் நீளமும் சராசரி 9.2 சதவீதச் சரிவும் கொண்ட கிரானோன் ஏற்றத்தில் அவர் விங்ககோவிடம் 2 நிமிடம் 51 நொடி இழந்தார். இறுதி வித்தியாசம் 2 நிமிடம் 43 நொடி.

பலமானவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது: முடியும் என்பதற்காக எல்லாத் தாக்குதலுக்கும் பதில் சொல்வது.

இரண்டு தலைவர்கள் இருப்பது எப்போதும் நல்லதா?

இல்லை. ஒருவர் முன்னால் போனால் மற்றவர் இழுக்காமல் எதிரிகளின் முதுகில் உட்கார வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். 2018 டூரில் மோவிஸ்டார் கின்டானா, லாண்டா, வால்வெர்டே என மூவரோடு வந்தது. அணிகளுக்கான வகைப்பாட்டை வென்றது. ஆனால் மூவரில் ஒருவரும் மொத்த நேரத்தில் முதல் மூன்று இடங்களுக்கான மேடையில் ஏறவில்லை. மாறாக 2023 வுவெல்டாவில், மற்ற அணிகள் ரோக்லிச்சையும் விங்ககோவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய சக வீரர் செப் குஸ் 6-ஆவது ஸ்டேஜின் பிரேக்அவேயில் போய் ஸ்டேஜையும் நேரத்தையும் சேர்த்து எடுத்தார். பந்தயத்தை அவர்தான் வென்றார். மேடையின் மூன்று படிகளிலும் யூம்போ-விஸ்மா அணியே நின்றது.

தாக்கப் போகும் தலைவருக்கு முன்கூட்டியே ஓர் ஆளைப் பிரேக்அவேயில் அனுப்புவது எதற்கு?

மலை உச்சியைத் தனியாகக் கடக்கும் தலைவருக்குப் பள்ளத்தாக்கில் இழுக்க ஆள் இல்லை. அங்கே பின்னால் நான்கு பேர் முறை போட்டால் மலையில் எடுத்த நேரம் முழுவதும் கரையும். அந்த இடத்தில் முன்னால் காத்திருக்கும் சக வீரர் ஒருவர் கிடைத்தால் கணக்கே மாறிவிடும்.

நேரக் கணக்கு நுட்பமானது. ஒரு மணி நேர ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் 60 நிமிடத்தில் ஏறுவார். உதவியாளர் 64 நிமிடத்தில். ஏற்றத்தின் அடியில் உதவியாளருக்கு நாலரை நிமிட முன்னிலை இருந்தால் உச்சியில் 30 நொடி மிச்சமிருக்கும். அதுதான் சரியான அளவு. 2 நிமிடம் மட்டும் இருந்தால் பாதி வழியில் பிடிபட்டுப் பயனின்றிப் போவார். 8 நிமிடம் இருந்தால் உச்சியில் 4 நிமிடம் காத்திருக்க நேரும், உடல் குளிர்ந்துவிடும். ஆனால் கூடுதல் முன்னிலையைக் காத்திருந்து சரிசெய்யலாம். குறைவானதைச் சரிசெய்ய வழியில்லை. அதனால் சந்தேகம் வந்தால் அதிக முன்னிலையே நல்லது. பிரேக்அவேயில் இருக்கும் வரை அவர் இழுப்பில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2011 டூரில் ஆண்டி ஷ்லெக் இசுவார் ஏற்றத்தில் பாய்ந்தபோது முன்னால் அவருடைய சக வீரர்கள் மாக்சிம் மொன்ஃபோரும் யோஸ்ட் போஸ்துமாவும் இருந்தார்கள். 2022-இல் ஓட்டகாம் ஏற்றத்தில் பிரேக்அவேயிலிருந்த வவுட் ஃபான் ஆர்ட், பின்னாலிருந்து வந்து சேர்ந்த தன் சக வீரர் விங்ககோவுக்காக இழுத்த இழுப்பில் போகாச்சர் பின்தங்கினார்.

தப்பித்தவரைத் துரத்தும் கூட்டத்தில் பலமானவர்கள் இருந்தும் ஏன் பிடிக்க முடிவதில்லை?

இழுப்பவரின் செலவு அவருக்கு மட்டும். பிடித்ததன் லாபம் எல்லோருக்கும். நான் இழுத்து நீ வெல்வதை நான் ஏன் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைக்கும்போது முன்னால் போனவர் ஒரே சீராகப் போய்க்கொண்டிருப்பார்.

இதற்கு மூன்று ஜிரோக்களைப் பார்க்கலாம். இரண்டு ஒரே மலையில் நடந்தவை.

2018, 19-ஆவது ஸ்டேஜ். கோலே டெல்லே ஃபினெஸ்த்ரே: 18.5 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதம், மேல்பகுதி மண்சாலை. ஃபுரூம் 3 நிமிடம் 22 நொடி பின்தங்கி நான்காவது இடத்தில் இருந்தார். இறுதிக்கு 80 கிலோமீட்டர் இருக்கையில் பாய்ந்தார். ஜிரோவில் முதலிடத்தவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்த சைமன் யேட்ஸ் ஏற்கெனவே உடைந்திருந்தார். துரத்தியவர்கள் ஐந்து பேர்: டாம் டுமுலன், திபோ பினோ, அவருடைய சக வீரர் செபாஸ்தியன் ரைக்கன்பாக், ரிச்சர்ட் காராபாஸ், மிகேல் ஏஞ்சல் லோபஸ். கடைசி இருவரும் இளையோருக்கான வெள்ளை ஜெர்சிக்காக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கவில்லை. உச்சியில் இடைவெளி ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இறக்கத்தில் ரைக்கன்பாக் வந்து சேரட்டும் என்று டுமுலன் வேகத்தைத் தணித்தார். அங்கேதான் பந்தயம் கைவிட்டுப் போனது. ஃபுரூம் இறக்கத்தில் துணிந்து ஓட்டினார். பார்டோனெக்கியாவில் டுமுலன் இழந்தது 3 நிமிடம் 23 நொடி. பந்தயம் முடிந்த ரோமில் ஃபுரூமுக்கும் அவருக்கும் மொத்த வித்தியாசம் 46 நொடி.

காத்திருப்பது சில நேரம் சரியே. 30 நொடி காத்திருந்து ஒருவரைச் சேர்த்தால் பள்ளத்தாக்கில் வேகம் 40-லிருந்து 42 ஆகிறது என்று கொள்வோம். 15 கிலோமீட்டர் சமதளத்தில் 64 நொடி மிச்சம், லாபம். 5 கிலோமீட்டர்தான் இருந்தால் மிச்சம் 21 நொடி, நட்டம். அடுத்து வருவது சமதளமா, எவ்வளவு நீளம், வருகிறவர் இறக்கத்தில் வேகமானவரா என்ற மூன்றுக்கும் விடை கையில் இருக்கும்போது மட்டுமே காத்திருக்கலாம்.

2019-இல் ரோக்லிச்சும் வின்சென்சோ நிபாலியும் ஒருவரை ஒருவர் மட்டுமே எதிரியாகக் கண்டார்கள். காராபாஸ் 14-ஆவது ஸ்டேஜில் கூர்மாயூரில் அவர்களிடமிருந்து 1 நிமிடம் 54 நொடி எடுத்துக்கொண்டு போனார். இறுதியில் நிபாலியை வென்றது 1 நிமிடம் 5 நொடியில்.

2025-இல் மறுபடி ஃபினெஸ்த்ரே, 20-ஆவது ஸ்டேஜ். முதலிடத்தில் ஐசக் டெல் டோரோ, 43 நொடி பின்னால் காராபாஸ், 1 நிமிடம் 21 நொடி பின்னால் சைமன் யேட்ஸ். யேட்ஸ் பாய்ந்ததும் மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காராபாஸ் இழுத்தால் டெல் டோரோ சக்கரத்தில் உட்காருவார். டெல் டோரோ இழுத்தால் காராபாஸ் கடைசியில் பாய்வார். உச்சிக்கு அப்பால் சக வீரர் ஃபான் ஆர்ட் யேட்ஸுக்காகக் காத்திருந்தார். மறுபக்கம் இருவர், இழுக்க மனமில்லாமல். செஸ்ட்ரியேரேயில் இருவரும் யேட்ஸிடம் 5 நிமிடத்துக்கு மேல் இழந்தார்கள்.

டெல் டோரோ காராபாஸுக்கு இரண்டாமிடத்தைத் தந்தாவது முறைவைத்து இழுக்கச் செய்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஜெர்சி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் இழப்பு அதிகம். அதனால் இழுக்க வேண்டிய கடமையும் அவருடையதே. எதிராளியைக் கட்டாயப்படுத்த முடியாதபோது முழு முயற்சியில் தானே இழுத்துத் தோற்பது, நின்று பார்த்துத் தோற்பதைவிட மேல். இழுத்தால் இடைவெளி 40 நொடியில் நிற்கலாம். பார்த்துக்கொண்டிருந்தால் அது நிச்சயம் நிற்காது.

குறுகிய ஸ்டேஜ் என்றால் ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

நேரமில்லை என்பதால். 200 கிலோமீட்டர் நாளில் முதல் மணி நேரத் தவறைத் திருத்த நான்கு மணி நேரம் உண்டு. 2016 வுவெல்டாவின் ஃபோர்மிகால் ஸ்டேஜ் 118 கிலோமீட்டர்தான். தொடக்கத்திலேயே கோன்டடோரும் கின்டானாவும் சக வீரர்களோடு பாய்ந்தார்கள். ஃபுரூமும் அவர் அணியும் பின்வரிசையில் இருந்தார்கள். அன்று அவர் கின்டானாவிடம் இரண்டரை நிமிட அளவில் இழந்தார், பந்தயத்தை 1 நிமிடம் 23 நொடியில். 90-க்கும் மேற்பட்டோர் நேர வரம்பைத் தாண்டி வந்து, பிறகு விலக்கு அளிக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட நாளில் தொடக்கத்துக்கு முன், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ரோலரில் 20 நிமிடமாவது உடலைச் சூடேற்றிவிட்டு முன்வரிசையில் வந்து நிற்க வேண்டும்.

பஞ்சர், சங்கிலிக் கோளாறு இவையெல்லாம் விதிதானே? உத்தி எங்கே வருகிறது?

கோளாறு விதி. எத்தனை நொடி போகிறது என்பது ஏற்பாடு. அணிக் கார்களின் வரிசை அந்தந்த அணியின் சிறந்த வீரரின் மொத்த இடத்தைப் பொறுத்தது. பின்தங்கிய அணியின் கார் இருபதாவதாக நிற்கும், குறுகிய சாலையில் வந்து சேர நேரமாகும். அதனால் தலைவரின் உயரமும் அதே வகைப் பெடலும் உள்ள ஒருவர் கடைசி 40 கிலோமீட்டரில் அவரை விட்டு நகரக் கூடாது. டிஸ்க் பிரேக் வந்தபின் சக்கரம் மாற்றுவதைவிட சைக்கிளையே மாற்றுவது வேகமானது.

2019 ஜிரோவின் கோமோ ஸ்டேஜில் ரோக்லிச்சுக்குக் கோளாறு வந்த நேரத்தில் அணிக் கார் சிறுநீர் கழிக்க நின்றுவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. சக வீரர் அன்ட்வான் டோல்ஹூக்கின் சைக்கிளில் ஏறிப் போனார். பிறகு இறக்கத்தில் விழுந்தார். இழப்பு 40 நொடி.

சமதள நாளில் இறுதி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ கோளாறு ஏற்பட்டாலோ, இருந்த கூட்டத்தின் நேரமே கிடைக்கும். சில ஸ்டேஜ்களில் இந்த எல்லையை 5 கிலோமீட்டர் வரை நீட்டுகிறார்கள். மலை உச்சியில் முடியும் நாளில் இந்தச் சலுகை இல்லை.

சாப்பாட்டால் பந்தயம் தோற்பதுண்டா?

உண்டு. கடினமான நாளில் மணிக்கு 90 முதல் 120 கிராம் கார்போஹைட்ரேட் எடுக்கிறார்கள். ஓயாமல் தாக்குதல் நடக்கும்போது கை ஹேண்டில்பாரை விட்டு எடுக்க நேரமே கிடைக்காது. ஒரு மணி நேரம் விட்டுப்போனால் அதன் விளைவு உடனே தெரியாது, கடைசி ஏற்றத்தில்தான் தெரியும். 2013-இல் ஆல்ப் டுவெஸில் ஃபுரூமுக்குச் சர்க்கரை தாழ்ந்தபோது ரிச்சி போர்ட், தடைசெய்யப்பட்ட தூரத்துக்குள் காரிலிருந்து ஜெல் வாங்கிக் கொடுத்தார். 20 நொடி தண்டனை. ஏற்றுக்கொள்ளக்கூடிய விலைதான். அது இல்லாவிட்டால் நிமிடக்கணக்கில் போயிருக்கும். 2018-இல் ஃபினெஸ்த்ரே ஏற்றத்தில் ஃபுரூமின் ஸ்கை அணி ஊழியர்களைப் பல இடங்களில் போத்தலோடு நிறுத்தியிருந்தது. ஃபுரூம் கூடுதல் எடையைச் சுமக்காமலே ஏறினார்.

போனஸ் நொடிகளுக்காக அலைய வேண்டுமா?

முடிவுக் கோட்டில் 10, 6, 4 நொடி. தனித்தனியாகச் சிறியவை. ஆனால் 1989 டூரை லெமான்ட் ஃபின்யோனிடமிருந்து வென்றது 8 நொடியில். 2017-இல் லாண்டா மூன்றாமிடத்தைத் தவறவிட்டது 1 நொடியில். மலையில் நான்கைந்து பேராக முடிக்கும் நாளில் தலைவர் ஸ்பிரிண்ட் அடிக்கத்தான் வேண்டும். எழுபது பேர் மோதும் ஸ்பிரிண்டில் 4 நொடிக்காகத் தலையை நுழைக்க வேண்டாம்.

காதில் ரேடியோ இருக்கிறதே, கார் சொன்னால் போதாதா?

காரில் இருப்பவர் பந்தயத்தைப் பின்னாலிருந்து பார்க்கிறார். தொலைக்காட்சிப் படம் தாமதமாக வருகிறது, பள்ளத்தாக்கில் அறுந்தும் போகிறது. ரசிகர்களின் கூச்சலில் பாதி கேட்காது. “அவர் போகிறார், போ” என்ற சொல் காதில் விழும்போது 50 மீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். ஆகவே காலைக் கூட்டத்திலேயே முடிவுகளைச் சொல்லிவிட வேண்டும்: எந்த எண்ணுக்குரியவர் பாய்ந்தால் யார் பின்தொடர்வது, யார் பாய்ந்தால் விட்டுவிடுவது, தலைவருக்குப் பஞ்சரானால் எந்த இருவர் நிற்பது, எந்த மூவர் நிற்காமல் போவது. காற்றுத் திருப்பங்களும் ஏற்றத்தின் அடிவாரமும் வரும் கிலோமீட்டர் எண்களை ஒரு சிறு தாளில் எழுதி ஹேண்டில்பார் தண்டில் ஒட்டியிருப்பார்கள். மழையில் அழியாதபடி அதன்மேல் தெளிவான டேப் ஒட்ட வேண்டும்.